அத்தியாயம் 6: நன்றி இல்லாத ஜெபம் ஏன் நிலைப்பதில்லை?

ஜெப வாழ்க்கை இரண்டு இடங்களில் தடுமாறும். கேட்டது கிடைக்காமல் நாள் நீளும்போது ஒன்று. கேட்டது கைக்கு வந்து சேர்ந்த பிறகு இன்னொன்று. முதல் தடுமாற்றத்தைப் பற்றி நம் சபைகளில் பிரசங்கத்துக்குக் குறைவில்லை. இரண்டாவதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வுக்காக வீடே முழங்காலில் நிற்கும். முடிவு நல்லபடியாக வந்து, மேற்படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டால், இரவு ஜெபம் வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு சரி என்றாகிவிடும். அந்த வீட்டில் யாரும் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. அவசரமாகக் கேட்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். விண்ணப்பத்தை மட்டுமே நம்பி நிற்கும் ஜெபம் கிடைத்தாலும் தளரும், கிடைக்காவிட்டாலும் தளரும். ஜெபம் நாள்தோறும் நடக்க வேண்டுமானால், நம் தேவை கூடினாலும் குறைந்தாலும் சொல்வதற்கு அதில் ஏதாவது இருந்தாக வேண்டும். அதைத் தருவது நன்றி. நல்ல மனநிலை வாய்த்த நாளில் ஜெபத்தோடு சேர்த்துக்கொள்ளும் இனிப்பாக நன்றியை எண்ணிப் பழகிவிட்டோம். அது ஜெபத்துக்கு அன்றாடச் சோறு என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பத்துப் பேரும் ஜெபித்தார்கள். தூரத்தில் நின்று சத்தமிட்டு இரக்கம் கேட்டார்கள். பத்துப் பேரும் கீழ்ப்படிந்தார்கள். ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்றதும் கிளம்பிவிட்டார்கள். பத்துப் பேரும் வழியிலேயே சுத்தமானார்கள். ஒன்பது பேரைக் கெட்டவர்கள் என்று சொல்ல அந்தப் பகுதியில் ஆதாரம் இல்லை. அவர்களுடைய விண்ணப்பம் உண்மையானது, விசுவாசமும் உண்மையானது. ஆனால் கேட்டது கிடைத்த இடத்தில் அவர்களுடைய ஜெபம் முடிந்துபோனது. திரும்பி வந்த ஒருவன், அதுவும் ஒரு சமாரியன், புதிதாக எதையும் கேட்க வரவில்லை, கேட்கவும் இல்லை. அவனுக்கு மட்டும்தான் இயேசுவோடு இரண்டாவது உரையாடல் வாய்த்தது. ஜெபம் தொடர்வதற்கு அந்த இரண்டாவது உரையாடல்தான் வழி. நன்றி சொல்லத் திரும்புகிறவனுக்கு மறுபடியும் சந்திப்பதற்கு ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கிறது.

நன்றி என்றவுடன் உள்ளம் உருகுவதையும் கண் கலங்குவதையும் எதிர்பார்க்கிறோம். வேதம் அதை முதலில் ஞாபகத்தின் வேலையாகத்தான் காட்டுகிறது. உபாகமம் 26-இல், முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் என்ன சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறது. கூடையை வைத்துவிட்டு அவன் தன் குடும்ப வரலாற்றைச் சொல்ல வேண்டும்: அலைந்து திரிந்த தகப்பன், எகிப்தில் பிழைக்கப் போனது, அங்கே பட்ட அடிமைத்தனம், கூப்பிட்டது, கேட்கப்பட்டது, கடைசியில் இந்த நிலமும் இந்த விளைச்சலும். கசப்பான பகுதிகள் அதில் விடுபடவில்லை. மலாக்கா மாநிலத்தின் மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படியொரு அறிக்கை அந்நியமானதே அல்ல. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியது, கங்காணியின் கீழ் பால்மரம் வெட்டியது, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பாதது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் இதில் ஒரு பங்காவது உண்டு. இந்தக் கதையைத் தேவனுக்கு முன்பாகச் சொல்லி, அதில் அவர் தாங்கிய இடங்களைக் குறித்துக் காட்டுவதுதான் உபாகமம் கற்பிக்கும் நன்றி. பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் குடும்ப ஜெபத்தில் தாத்தாவோ பாட்டியோ மாதம் ஒருமுறை இதைச் சொன்னால், பிள்ளைகளுக்கு வரலாறும் கிடைக்கும், ஜெபமும் கிடைக்கும்.

ஞாபகத்தை முறையான பழக்கமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தானியேல் சாட்சி. முப்பது நாள் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகும், அவர் எருசலேமை நோக்கித் திறந்திருந்த ஜன்னலருகே தினம் மூன்று வேளை முழங்காலிட்டு, முன்பு செய்துவந்தபடியே ஜெபித்து நன்றி செலுத்தினார் என்று 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. முன்பு செய்துவந்தபடியே என்ற செய்திதான் இங்கே முக்கியம். சிங்கக் குகையைக் கண்டு அவருக்கு நன்றி பிறக்கவில்லை. பல வருடப் பழக்கம் ஆபத்து வந்த அன்றைக்கும் தன் நேரத்துக்கு நடந்தது. நெருக்கடி வந்த பிறகு நன்றி சொல்லக் கற்றுக்கொள்வது கடினம். சாதாரண நாட்களில் கற்றுக்கொண்டதுதான் அசாதாரண நாளில் உதவும்.

இந்தப் பழக்கத்துக்கு வகுக்கப்பட்ட ஒரு முறை, மலாக்கா மண்ணோடு நேரடித் தொடர்புள்ளது. மெர்லிமாவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கும் மலாக்கா நகருக்கு 1545-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே முத்துக்குளித்துறையில், தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு அடிப்படை ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தவர் அவர். 1552 டிசம்பரில் அவர் இறந்த பிறகு, உடல் கோவாவுக்குப் போகுமுன் சில மாதங்கள் மலாக்காக் குன்றின்மேல் இருந்த தேவாலயத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. செயிண்ட் பால் குன்றில் இன்று கூரையில்லாமல் நிற்கும் சுவர்கள் அந்தக் கோயிலுடையவை. அவருடைய வழிகாட்டியான லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் அச்சான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், நாளை முடிக்கும்போது செய்ய வேண்டிய ஆய்வுக்கு ஐந்து படிகள் உண்டு. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. பாவங்களை அறிய அருள் கேட்பது, நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது ஆகியவை அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இந்த வரிசையில் ஒரு விவேகம் இருக்கிறது. குற்றத்திலிருந்து தொடங்குகிறவன் நீதிபதிக்கு முன்னால் நிற்பவனைப் போல ஒடுங்கிவிடுவான், அல்லது தன் பக்க நியாயத்தை அடுக்க ஆரம்பிப்பான். பெற்றதை முதலில் எண்ணியவன், தன்னை நேசிக்கிறவருக்கு முன்னால் இருப்பதை உணர்ந்து, மறைக்காமல் பேசுவான். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையைச் சேர்ந்தவரும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சபைக்கு வெளியேயும் இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதியில் மாணவர்கள் சிலர் வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றையும், சிலர் எரிச்சலூட்டியவற்றையும், சிலர் பொதுவான நிகழ்ச்சிகளையும் பத்து வாரம் எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிக நிறைவைத் தெரிவித்தார்கள். ஆனால் இதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்க முடியாது. பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்தப் பயிற்சியின் பலன் மிதமானது, கடுமையான மனச்சோர்வுக்கு இது சிகிச்சை ஆகாது என்றே சொல்கிறார்கள். ஜெபம் கேட்கப்படுகிறதா என்பதைப் பற்றி ஆய்வுக்கூடம் எதுவும் சொல்லவும் முடியாது. நமக்குப் பயன்படும் பாடம் வேறு: கவனம் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது, பழக்கிய பக்கமே அது போகும். சோன்யா லியுபொமிர்ஸ்கியின் குழு 2005-இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. வாரம் ஒருமுறை நன்மைகளை எண்ணியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பச் செய்ததில் சலிப்புத் தட்டியிருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். பால்மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடிவதற்குள் போய், ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டையை மெலிதாகச் சீவினால் மரம் வருடக்கணக்கில் பால் தரும். பேராசையில் ஆழமாக வெட்டினால் காயம் மரத்துக்கு, நட்டம் வெட்டியவனுக்கு.

நன்றி ஜெபத்தை மெலிதாகவும் முறையாகவும் வைத்துக்கொள்ளும் வழி இதுதான். தினம் ஒரே ஒரு காரியம் போதும். ஆனால் அது அன்றைக்கு நடந்ததாக, பெயர் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். சுகம் பெலன் ஜீவனுக்காக ஸ்தோத்திரம் என்பது தவறான ஜெபம் அல்ல. எல்லா நாளுக்கும் பொருந்துவதால், எந்த நாளையும் அது நினைவில் நிறுத்துவதில்லை. மழையில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனபோது வண்டியை ஓரங்கட்டி உதவிய முன்பின் தெரியாத ஆளுக்காக, கிளினிக்கில் அம்மாவின் சீனி அளவு குறைந்திருந்ததற்காக, மூன்று நாளாகப் பேசாத அண்ணன் போன் செய்ததற்காக என்று சொல்லும்போது, அந்த நாள் தேவனுக்கு முன்பாகத் திறந்து வைக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவோ ஞாயிறு மாலையோ, அந்த ஏழு காரியங்களையும் சேர்த்துப் பார்த்துச் சற்று நீண்ட நன்றி ஜெபம் செய்யலாம். ‘ஆயிரம் ஸ்தோத்திரங்கள்’ என்று தமிழ்ச் சபைகளில் புழங்கும் சிறு புத்தகங்களைப் பயன்படுத்துகிறவர்கள் அதை விட வேண்டியதில்லை. தேவன் யார் என்பதை நாவுக்குப் பழக்கும் நல்ல பயிற்சி அது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வேகமாக ஓடாமல், பத்து வரிக்கு ஒருமுறை நிறுத்தி, இது என் வாழ்க்கையில் எங்கே நடந்தது என்று கேட்டுக்கொண்டால் அச்சிட்ட ஸ்தோத்திரம் சொந்த ஸ்தோத்திரம் ஆகும்.

மனதில் நன்றி உணர்ச்சி இல்லாதபோது வாயால் நன்றி சொல்வது பாசாங்குதானே என்பது நேர்மையானவர்கள் எழுப்பும் முதல் கேள்வி. இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டினால் அது பாசாங்கு. நடந்த உண்மையை ஒப்புக்கொள்வது பாசாங்கு ஆகாது. கடன் கொடுத்தவருக்கு ரசீதில் கையெழுத்துப் போடும்போது மனம் நெகிழ்ந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெற்றது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறோம். தம்முடைய வல்ல செயல்களைப் பார்த்தும் மனந்திரும்பாத ஊர்களைக் கடிந்துகொண்ட அதே வேளையில் இயேசு பிதாவை ஸ்தோத்திரித்ததை மத்தேயு 11 காட்டுகிறது. காட்டிக்கொடுக்கப்படப் போகும் இரவில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். அவை மகிழ்ச்சி பொங்கிய நேரங்கள் அல்ல. ஆகவே உணர்ச்சி வறண்ட நாளில், ஆண்டவரே, எனக்கு இன்று ஒன்றும் தோன்றவில்லை, ஆனால் இது நடந்தது, நீர் தந்தீர் என்று சொல்லி முடிக்கலாம். அது முழு ஜெபம்தான்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், புற்றுநோய் என்று தெரியவந்த குடும்பத்திடம் நன்றி சொல்லச் சொல்வது கொடுமை இல்லையா? துக்கத்தை மூடி மறைக்க நன்றியைப் பயன்படுத்தினால் கொடுமையேதான். சங்கீதப் புத்தகம் அப்படிச் செய்வதில்லை. 13-ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்ற முறையீட்டில் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இரண்டுமே ஜெபங்களாக வேதத்தில் இடம்பெற்றிருக்கின்றன. யோவான் 11-இல் லாசருவின் ஊரில் இயேசு கண்ணீர் விட்டது 35-ஆம் வசனத்தில். கல்லறைக்கு முன் பிதாவுக்கு நன்றி சொன்னது 41-ஆம் வசனத்தில். ஆறே வசன இடைவெளியில் இரண்டும் நடக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. ஆகவே நடைமுறையில் இரண்டு விதி. துக்க வீட்டில் நன்றியைப் பற்றிப் பிறர் பிரசங்கிக்கக் கூடாது. கூட இருந்தால் போதும். துக்கப்படுகிறவர் தாமாக முன்வரும்போது, இழப்புக்காக அல்ல, இழந்தவரோடு வாழக் கிடைத்த நாட்களுக்காகவும், துக்கத்தில் கூட நின்றவர்களுக்காகவும் நன்றி சொல்லத் தொடங்கலாம். புலம்பலும் நன்றியும் ஒரே ஜெபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது கேள்வி தோட்டங்களிலிருந்து வருவது. நன்றி, திருப்தி என்று சொல்லிச் சொல்லித்தானே பாட்டாளியை வாய்மூட வைத்தார்கள்? கூலி போதவில்லை என்றால் உள்ளதுக்கு நன்றி சொல் என்பது துரைக்கும் கிராணிக்கும் வசதியான உபதேசம் அல்லவா? இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது ஆட்சி படைபலத்தால் அதை அடக்கியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதற்குப் பின்னால் இப்படிப் பல வருடக் குறைகள் இருந்தன. அந்தக் குறைகளை நன்றிகெட்டதனம் என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்லிவிடக் கூடாது. எண்ணாகமம் 11-ஐ வாசித்தால் இதற்கு விடை கிடைக்கும். வனாந்தரத்தில் ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார்கள். அடிமைப்படுத்தியவன் போட்ட சோறு பெரிதாகத் தெரிந்தது. விடுவித்தவர் தந்த மன்னா கசந்தது. நன்றி செல்ல வேண்டிய முகவரி அங்கே மாறிப்போனது. உழைத்து வாங்கும் கூலி முதலாளியின் தயவு அல்ல. அது உரிமை, வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தேவனை நோக்கிக் கூப்பிடுகிறது என்று யாக்கோபு 5 எச்சரிக்கிறது. உடம்பின் பெலனையும் விளையும் நிலத்தையும் தந்தவர் தேவன் என்று தினமும் ஒப்புக்கொள்கிறவர், மனிதனுடைய தயவுக்கு அளவுக்கு மீறிக் கடன்பட மாட்டார். அப்படிப்பட்டவர் காலையில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பத்து மணிக்குச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

நன்றி கெட்டுப்போகும் இன்னொரு வழி சாட்சி நேரத்தில் தலைகாட்டும். லூக்கா 18-இல் பரிசேயன் செய்த ஜெபம் முழுக்க நன்றி ஜெபம்தான். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. ஆனால் அவன் நன்றி சொன்னது பக்கத்தில் நின்ற ஆயக்காரனைப் போலத் தான் இல்லை என்பதற்காக. விபத்தில் மற்றவர்கள் இறந்தார்கள், என்னைத் தேவன் காப்பாற்றினார் என்ற சாட்சியும், மற்ற பிள்ளைகள் தவறினார்கள், என் பிள்ளை தேறியது என்ற சாட்சியும் அந்தப் பக்கமே சாய்கின்றன. இதற்கு எளிய சோதனை உண்டு: இழந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இந்த நன்றியை இதே சொற்களில் சொல்வேனா? மாட்டேன் என்றால், ஒப்பீட்டை எடுத்துவிட்டு, பெற்றதை மட்டும் சொல்லி, இழந்தவருக்காக ஒரு விண்ணப்பத்தையும் சேர்க்க வேண்டும். நேர்ச்சைக்கும் காணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பது நல்ல மரபு. அடுத்ததை வாங்குவதற்கு முன்பணமாக அதைக் கொடுத்தால், நன்றி வியாபாரமாகிவிடும்.

இந்த அத்தியாயத்தை வாசித்து முடித்தவுடன் தொடங்க வேண்டியது சிறிய காரியம். இரவு ஜெபத்தில் விண்ணப்பங்களுக்கு முன்பாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லட்டும். சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நண்பன் பகிர்ந்த நாசி லெமாக்கைச் சொன்னாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டோடு உட்கார முடியாது. அவர்கள் பஸ்ஸில் போகும்போது அந்த ஒன்றை வாட்சப்பில் அனுப்பிவைத்தால் வீட்டார் அவர்கள் சார்பில் வாசிக்கலாம். அதில் ஒரு மனிதரின் பெயர் வந்தால், அந்த வாரத்துக்குள் அவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட வேண்டும். தேவனிடம் சொன்ன நன்றி மனிதரைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. கேட்டுக் கிடைத்த விண்ணப்பங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகுமுன் குடும்பமாக வாசியுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு, மனம் எவ்வளவு மகிழ்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டாம்; விண்ணப்பங்களைக் கவனியுங்கள். நம் வீட்டைச் சுற்றியே வந்த விண்ணப்பங்களில் பிறருடைய பெயர்கள் கூடியிருந்தால், பதில் வராத விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு வீடு மறுநாள் இரவும் ஜெபத்துக்கு உட்கார்ந்தால், பழக்கம் வேர்விட்டுவிட்டது என்று நம்பி அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.